ரப்பர் டாங்கியும் தகர ஷெட்டும்

உயிரே போனாலும் உள் ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஜெனரல் சபதம் எடுத்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது. வாய் நிறைய நுரை. அதனால் சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய அந்தப் பிரகடனம் வாஷ்பேசினுக்கு மட்டுமே கேட்டது.

ஜெனரல் என்பது பட்டாளத்தில் வாங்கிய பட்டம் இல்லை. அவர் ஐஸ் ஃபாக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். ராத்திரி விறைத்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து தூங்குகிறவர். எடைக்குப் போட்ட யுத்த சரித்திரப் புத்தகங்களை எடைக்கே வாங்கிப் படித்து, குழாய் ஒழுகினால்கூட ஒரு போர்முனையை உதாரணம் காட்டுவார். பட்டம் கொடுத்தவள் மனைவி. அவள் தெருவுக்கே டெய்லரம்மா.

ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவனுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருப்பது ஒரு பிடி இருட்டுதான். ஜெனரலின் இருட்டு அந்த உள் ரூமில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பளி, தலைக்கு மேல் ஃபேன், அடியில் கட்டில். அதற்குத்தான் இப்போது ஆபத்து.

"என்னங்க, மோட்டார் வெச்ச புது மெஷின் வருது. ஹால்ல இடமில்ல. ஒண்ணு உள் ரூம், இல்லேன்னா மாடி ஷெட். ரெண்டுல ஒண்ணு நீங்க, ஒண்ணு மெஷின்."

மாடி ஷெட்டுக்குத் தகரக் கூரை. ஈரச் சட்டையோடு உள்ளே போனால் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வரலாம்.

முதல் கட்டமாக ஜெனரல் அரண் அமைத்தார். இரும்பு அலமாரியை இழுத்து ரூம் வாசலில் நிறுத்தினார். ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடுக்கு மட்டும் மிச்சம். டெய்லரம்மா அலமாரியைத் தொடவே இல்லை. பின்பக்கம் போய் ஜன்னலைத் திறந்து, துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் இறக்கினாள்.

"பிரான்ஸ்காரன் இப்படித்தான் எல்லை நெடுக கோட்டை கட்டினான். ஜெர்மன்காரன் காட்டு வழியா சுத்தி வந்துட்டான்" என்று ஜெனரல் முனகினார்.

"வாசல்ல அலமாரிய வெச்சா வேற எப்படி வர்றதாம்?"

அரணால் அகப்பட்டது ஜெனரல்தான். அவசரத்துக்கு பாத்ரூம் போகப் பார்த்தபோது வயிறு இடுக்கில் சிக்கிக்கொண்டது. டெய்லரம்மாதான் பிடித்து இழுத்து விடுதலை கொடுத்தாள்.

தோற்றவன்தான் நிறையப் படிப்பான். ஜெனரல் மறுபடி புத்தகத்தில் விழுந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில், ஒரு கரையில் இறங்கப்போவதாகப் போக்குக் காட்ட, காற்றடித்த ரப்பர் டாங்கிகளை வரிசையாக நிறுத்தினார்களாம். எதிரி அந்தப் பக்கமே காவல் இருந்தான். படை இறங்கியது வேறு கரையில். ஜெனரல் துள்ளி எழுந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் கிழக்கு என்றால் அவள் மேற்கு. நீலச் சட்டை கேட்டால் பழுப்புதான் தைப்பாள். அப்படியானால்? ஷெட் தனக்கு வேண்டும் என்று கேட்டால் போதும். அவள் அதை மெஷினுக்குப் பிடுங்கிக்கொள்வாள். உள் ரூம் தானாக மிஞ்சும்!

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஷெட்ல ஒரு ஃபேன் மாட்டற மாதிரி பாவனை பண்ணணும்."

"மாட்டணுமா, வேணாமாண்ணே?"

"மாட்டற மாதிரி."

"அண்ணே, கரண்டுக்கு அதெல்லாம் புரியாது. மாட்டினா சுத்தும். மாட்டலேன்னா சுத்தாது."

கடைசியில் நிஜமாகவே மாட்டினான். ஜெனரல் ஷெட்டைக் கூட்டினார், கழுவினார், டெய்லரம்மா காதில் விழும்படி பாட்டுப் பாடிக்கொண்டு சுண்ணாம்பும் அடித்தார். பிறகு கீழே வந்து பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, எனக்கு அந்த ஷெட்டே போதும். என்ன காத்து! என்ன அமைதி! நீ என்ன சொன்னாலும் சரி, அத மட்டும் விடமாட்டேன்."

டெய்லரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். இதோ, இறங்கப்போகிறது இடி.

"அவ்வளவு ஆசையா? அப்ப எடுத்துக்குங்க."

"இல்ல... உனக்கு வேணும்னா..."

"சேச்சே. வாய்விட்டுக் கேட்டுட்டீங்க. நான் குறுக்க நிப்பேனா?"

மறுநாள் காலையில் அவர் வேலை முடிந்து வந்தபோது கட்டில் மாடிக்குப் போயிருந்தது. உள் ரூமில் மெஷின் கடகடவென்று சுட்டுக்கொண்டிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். ஜெனரல் அதற்கு ஃபேனும் மாட்டி, சுண்ணாம்பும் அடித்திருந்தார்.

மதியம் வரை தகரத்தின் கீழ் வெந்துவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்.

"உண்மையச் சொல்லு. நான் எது கேட்டாலும் மாட்டேன்னுதானே சொல்லுவே? இந்தத் தடவை எப்படி?"

அவள் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "நீங்கதானே சொன்னீங்க. 'ஷெட்ட கேட்டா உள் ரூம் கிடைக்கும், ரப்பர் டாங்கி, ரப்பர் டாங்கி'ன்னு."

"நானா? எப்ப?"

"தூக்கத்துல. பட்டப்பகல்ல. அளவு குடுக்க வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. ஒரு அக்கா, கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லுன்னு கோவிச்சுக்கிட்டாங்க."

"அப்ப அலமாரி?"

"அதுக்கு முந்தின நாளே ஜன்னலுக்கு எண்ணெய் போட்டு வெச்சேன்."

ஜெனரலுக்குப் புத்தகத்தின் இன்னொரு அத்தியாயம் ஞாபகம் வந்தது. அதே யுத்தத்தில் ஒருத்தன் ரகசிய மொழியில் அனுப்பிய தந்தியையெல்லாம் எதிரி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தானாம். அந்த அத்தியாயத்தை அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே படித்திருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து டெய்லரம்மா எழுந்தாள். "சரி, சரி, மாடியில வேணாம். துணி மூட்டையெல்லாம் இங்க வந்ததுல ஹால்ல இப்ப இடம் இருக்கு, கட்டில அங்க இறக்கிடலாம். இந்த ரூம் கதவோரமா போட்டுக்குங்க. காலையில மெஷின ஓட்ட மாட்டேன், கைத்தையல் மட்டும் பாக்கறேன். நிம்மதியா தூங்குங்க."

ஜெனரல் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். எதிரியிடம் இப்படி ஒரு பெருந்தன்மையை அவர் எந்தச் சரித்திரத்திலும் படித்ததில்லை.

"என் மேல இவ்வளவு பாசமா உனக்கு?"

"பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாடியில தூங்கினா நீங்க பேசறது எனக்கு ஒரு வார்த்தை கேக்கலைங்க."