சரவிளக்கில் இறங்கிய விமானம்

விமானம் போய்ச் சரவிளக்கில் மாட்டிக்கொண்டது. மணமேடைக்கு நேர் மேலே, கண்ணாடி மணிகளுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தொங்கியது.

கீழே ரிமோட்டும் கையுமாக நின்ற தமிழரசு அந்தக் கல்யாண மண்டபத்தின் மேனேஜர். வயது முப்பத்தேழு. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களைப் பந்தி முதல் பல்பு வரை பார்த்து நடத்திக்கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒரு பெண் மட்டும் அமையவில்லை. போன இடமெல்லாம் "பையன் தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டு, பெண்ணை வேறு தங்கத்துக்குக் கொடுத்தார்கள். அவன் கையில் மிச்சமிருக்கிற தகுதி இந்த வேலை ஒன்றுதான். அதுவும் போனால் ஜாதகத்தை மடித்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி. வெளியே பனிக்காற்று. கோழி இறகு கனம்கூட இல்லாத விமானத்தை அதில் விட்டால் நாமக்கல்லில் போய்த்தான் பொறுக்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜர் விமானி ஆகிவிடுவான்.

செல்போன் அடித்தது. மண்டபத்து முதலாளி சௌந்திரம்மா.

"தமிழு, மண்டபம் பாக்க ஒரு குடும்பம் வருதுப்பா. பக்கத்துல வந்துட்டாங்களாம். கேக்கறதுக்கெல்லாம் பதனமாப் பதில் சொல்லு."

"சரிங்கம்மா."

"சட்டைய மாத்திக்க."

தமிழரசு அண்ணாந்து பார்த்தான். விளக்கு புதுசு. 'ஒரு மணி உதுந்தாலும் நீ ஊட்டுக்குப் போயிரலாம்' என்று மாட்டிய அன்றே சௌந்திரம்மா சொல்லியிருந்தார்.

மண்டபம் கூட்டும் கண்ணாத்தாளைத் தேடிச் சமையற்கட்டுக்கு ஓடினான். "ஒட்டடைக் குச்சி எங்க?"

"மூலையில கெடக்குது சாமி. எனக்கு அடுப்புல சோலி இருக்குது."

குச்சியால் ஒரு தட்டு தட்டினான். விமானம் அசையவில்லை. குச்சியின் தலை கழன்று போய் விமானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் வெல்வெட் சோபாவை இழுத்துப் போட்டு ஏறினான். வலது கால் சோபாவுக்குள் முழங்கால் வரை போனது. காலை உருவி, ஓட்டையைச் சால்வை போட்டு மூடினான்.

கடைசியாகப் பந்திக்கூடத்துப் பெரிய ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து முழு வேகத்தில் வைத்தான். விமானம் ஜம்மென்று அங்கேயே இருந்தது. கண்ணாடி மணிகள்தான் பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றை அள்ளிப் பாக்கெட்டில் திணிக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. சட்டை மாற்ற நேரமில்லை.

வேலுசாமி என்ற பெரியவர், அவர் மனைவி, மகள் மைதிலி, மூவரும் வந்தார்கள். பெரியவர் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தமிழரசின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, தண்ணி கிண்ணிப் பழக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே?"

"உள்ள அதுக்கு அனுமதியே இல்லீங்க."

பெரியவருக்குப் பதில் பிடித்துவிட்டது. தமிழரசுக்கும் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா விமானத்துக்கு மனம் இளக வேண்டும்? மெல்லச் சரிந்து, ஒரு வட்டம் போட்டு, மைதிலியின் காலடியில் வந்து இறங்கியது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஐ! உள்ளுக்குள்ள பறக்க உடற மாடல்! நான் காலேஜுல இதத்தான் செஞ்சனுங்க. யாரோடதுங்க?"

பெரியவர் அண்ணாந்து விளக்கையும், அதில் தொங்கிய ஒட்டடைத் தலையையும் பார்த்தார். "ஆமா, யாருது தம்பி?"

தன்னுடையது என்றால் பொழுது சாய்வதற்குள் சௌந்திரம்மா காதுக்குப் போய்விடும்.

"என்ர பையனுதுங்க."

"பையனா?"

"பெரியவனுங்க. சேட்டை புடிச்சவன்." பொய் என்று வந்துவிட்டால் அதற்குச் சட்டை துணி போட்டுத்தானே ஆகவேண்டும்? "சின்னவன் சாதுங்க."

பெரியவரின் மனைவிக்குக் கிறுகிறுத்தது. கைக்கு எட்டிய சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். சோபா அவரைச் சால்வையோடு விழுங்கியது. மூவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

வெளியே வந்த கையோடு அந்தம்மா கேட்டார்: "அப்ப, பசங்களோட அம்மா?"

"ரெண்டையும் வச்சுக்கிட்டு ஊட்டுல லோல்படறாளுங்க."

மைதிலி விமானத்தின் இறக்கையை நீவிச் சரிசெய்து அவன் கையில் கொடுத்தாள். "பையன்கிட்டக் குடுத்துருங்க," என்றாள். குரலில் ஏனோ சுரத்தில்லை. கார் புறப்பட்டது.

தமிழரசு நெற்றி வேர்வையைத் துடைத்தான். புக்கிங் போனால் போகட்டும், வேறு ஆள் வருவார்கள். வேலை தப்பித்தது. சந்தோஷமாகவே இருந்தது அவனுக்கு.

சமையற்கட்டிலிருந்து கண்ணாத்தாள் கேசரித் தட்டுகளோடு வந்து, காலி மண்டபத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்ன சாமி, அதுக்குள்ள போயிட்டாங்களா? மார்கழியில பொண்ணு மாப்பிள்ளப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு, மண்டபம் பாக்கற சாக்குல உன்னையப் பாக்க வந்தவங்களாச்சே!"