தலையணைக்குள் ஒரு தோடு

தலையணையை எக்ஸ்ரே எடுப்பது குற்றமா என்று எக்ஸ்ரேக்காரருக்குத் தெரியாது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் அவர் யாரையும் கேட்கவில்லை.

திருகு கழன்ற ஒற்றைத் தோட்டை, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி மனைவி கொடுத்திருந்தாள். தலையணைக்கு அடியில் வைத்தார். காலையில் காணோம். கிழிசல் வழியாகப் பஞ்சுக்குள் போயிருக்க வேண்டும். வீட்டில் பிரித்தால் பஞ்சோடு அவர் மானமும் பறக்கும். அதனால் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்.

புது டிஜிட்டல் பேனலில் தலையணையைச் சாய்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கதிரைத் தாராளமாகக் கூட்டி ஒரு படம் எடுத்தார். மூலையில் பளிச்சென்று தெரிந்தது தோடு. மூன்று இலை, நடுவில் ஒரு மணி. தோண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"பத்திரமா இருக்கு. மத்தியானம் வந்து வாங்கிக்கோ."

போனை வைப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் ஒல்லியான ஓர் ஆளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நகைக்கடையில தோட்டை முழுங்கிட்டான். படம் எடுங்க."

"முழுங்கலைங்க," என்றான் ஒல்லி. "எனக்கு மாத்திரையே தண்ணி இல்லாம இறங்காது. அந்தக் கடையில எவன் எனக்குத் தண்ணி கொடுத்தான்?"

"வாயை மூடிட்டு நில்லு."

படம் வந்தது. ஒல்லியின் வயிற்றில், மங்கலாக, மூன்று இலை, நடுவில் ஒரு மணி.

எக்ஸ்ரேக்காரருக்கு வியர்த்தது. அளவுக்கு மீறிக் கதிர் வாங்கினால் பேனலுக்குள் இருக்கும் சென்சார் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் மறக்காது, அடுத்த படத்திலும் அதன் நிழல் விழும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்போது அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். மீதிப் பாதிக்கு இப்போது ஞாபகம் வந்தது.

பழைய ஃபிலிமாக இருந்தால் கழுவும்போது கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். இதுவோ அவர் எச்சில் விழுங்குவதற்குள் டாக்டரம்மாவின் மேஜைக்குப் போய்விட்டது.

"ஆள் அசைஞ்சுட்டாரு. இன்னொண்ணு எடுத்துடறேன்," என்றார். நிழல் பேனலில் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆளைத் தாழ்த்தினால் தலைக்கு மேலே போய்விடும். "தம்பி, முட்டியைக் கொஞ்சம் மடக்கு."

இப்போது தோடு நெஞ்சில் இருந்தது.

"மேல வருது," என்ற போலீஸ்காரர் ஒல்லியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இருமுடா."

"இன்னும் கொஞ்சம் மடக்கு தம்பி."

தோடு தொண்டைக்கு வந்தது. கூடவே டாக்டரம்மாவும் வந்தார்.

"மூச்சுக்குழாய்ல விழுந்தா ஆள் போயிடுவான். உடனே மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்துடலாம்."

ஒல்லி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். வேலை போனாலும் போகட்டும் என்று எக்ஸ்ரேக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், அது அவர் தோடு இல்லை. என் தோடு."

டாக்டரம்மா அவர் காதைப் பார்த்தார்.

"என் மனைவியோடது," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே போட்டுக்கொண்டார். பிறகு தலையணையையும் காட்டினார்.

"தலையணைக்கு என்ன, மூச்சுத் திணறலா?"



அரை மணி பொறுத்து இன்னொரு படம் எடுத்தார்கள். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. டாக்டரம்மா, "உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர் மனமில்லாமல் ஒல்லியை விட்டார். ஒல்லி ஓடிவந்து எக்ஸ்ரேக்காரரை இறுகக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, உங்க வேலையைப் பணயம் வெச்சு என்னைக் காப்பாத்தினீங்களே. இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

எக்ஸ்ரேக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. வீட்டில் கூட அவரை யாரும் இப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

அவன் போன கையோடு மனைவி வந்து கையை நீட்டினாள்.

"கொடுங்க."

சட்டைப் பையில் கையை விட்டார். பேன்ட் பைகளில் விட்டார். மறுபடியும் சட்டைப் பைக்கே வந்தார்.

"இப்பதான் இருந்துச்சு."

"அது என்ன, நம்ம வீட்டுத் தலையணை மாதிரி இருக்கு?"

அவர் வாசலுக்கு ஓடினார். அங்கே ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒல்லி ஆள் எங்க?"

"அந்தத் தம்பியா? இப்பதான் போச்சு. பாவம், அவசர அவசரமா என்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போச்சு."