‘மூதூர் லோஞ்ச்’ பாட்டுக்கு ஒரே சாட்சி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.03.1978

அன்புக்குரிய மருமகன் பாக்கியரத்தினம் அறிய மாமா மூத்ததம்பி எழுதிக்கொள்வது.

கோணேசர் கிருபையால் மாமியின் முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் சுகம். அங்கு உமது சுகமும் உமது அம்மா, என் தங்கச்சி யோகமலரின் சுகமும் அவ்வாறே என நம்புகிறேன், முழங்கால்கள் உட்பட. நீர் கொழும்பில் இசைத்தட்டுக் கம்பனியில் சேர்ந்தபோது, “பாட்டு விக்கிறதும் ஒரு உத்தியோகமோ?” என்று நான் கேட்டதைத் தயவுசெய்து மறந்துவிடும். இன்று அந்த உத்தியோகத்தை நம்பித்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் ‘கேக்குதா கேக்குதா’ பாட்டை உமது கம்பனி இசைத்தட்டாகப் போடுவதாகவும், தட்டின் மற்றப் பக்கத்தில் ‘கேக்குதா இரண்டாம் பாகம்’ வருவதாகவும், வெள்ளிக்கிழமை அது முடிவாகும் என்றும் அறிந்தேன். அது நடக்கக்கூடாது. ஏன் கூடாது என்பதை நீர் விளங்கவேண்டுமானால் எங்கள் மதிலிலிருந்து தொடங்கவேண்டும்.

மதிலுக்கு அந்தப்புறம் ஸைனுலாப்தீன் முதலாளியின் கயிற்றுக் கொட்டில். அவருடைய மகன் அஸீமும் கூட்டாளிகள் மூவரும் ஏழு வருடமாக அதற்குள் கிற்றாரும் ட்ரம்ஸும் அடிக்கிறார்கள். குழுவின் பெயர் ‘டொக்யாட் ஃபைவ்’. நாலு பேர்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அஞ்சாவது ஆள் அம்ப்ளிஃபயர், ஐயா” என்றார் அஸீம். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அமைதியாக இருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தவனுக்கு இப்படி ஓர் அயல் அமைந்தது. 1973ஆம் ஆண்டு அவர்கள் ‘மூதூர் லோஞ்ச்’ என்று ஒரு பாட்டுக் கட்டினார்கள். இங்கிருந்து மூதூருக்குச் சனத்தை ஏற்றிப் போகிற லோஞ்ச் படகு இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவது மாதிரிக் கிற்றாரில் தொடங்கும், பிறகு ட்ரம்ஸ் சேரும், கூட்டாளிகளில் ஒருவரான ஜவாஹிர் பாடுவார், நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனதுபோல் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். பிள்ளையாரே, முடிந்தது என்று நான் சாய்மனைக் கதிரையில் சாய்வேன். பத்து விநாடி கழித்து முன்னையதைவிடப் பலமாகத் தொடங்கும். ஒரே நாளில் ஆறு தரம் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

பொலிசுக்குப் போனேன். அங்கிருந்த சார்ஜன்ட் மிக மரியாதையாக, “சத்தம் எண்டுறியள், சாட்சி இருக்கோ?” என்று கேட்டார். சாட்சிக்கு எங்கே போவது, மாமிக்கு அந்தக் காலத்திலேயே காது கொஞ்சம் மந்தம். ஆகவே கப்பலில் வேலை செய்யும் உமது மச்சான் கொண்டுவந்த கசெற் றெக்கோடரை மதில்மேல் வைத்து முழுப் பாட்டையும் பதிந்தேன். சட்டப்படி இருக்கட்டும் என்று தொடக்கத்தில் திகதியும் நேரமும் சொன்னேன். நடுவில் எல்லாம் நிற்கிற இடத்தில், “அப்பாடா, நிப்பாட்டிப்போட்டாங்கள்” என்று என் குரல் கேட்கும். அது திட்டமிட்டுச் சொன்னதல்ல, தானாக வந்தது.

சாட்சி ஒன்று போதாது, முறைப்பாட்டில் ஊர்ச் சனத்தின் கையெழுத்தும் வேண்டும் என்று நினைத்து, கட்டைபறிச்சானில் அவர்கள் நடத்திய கச்சேரிக்கும் கடல் கடந்து போனேன். பாட்டு நடுவில் நின்றதும், முடிந்துவிட்டது என்று சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட்டது. மறுபடி தொடங்கியபோது முன்னால் நான் ஒருவன்தான் இருந்தேன். கையெழுத்து வாங்க ஆளில்லாமல் இருந்தேன் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் மருமகன், மதில் இல்லாமல் அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தரம். நான் முப்பத்திரண்டு வருடம் பார்த்த துறைமுகம் முழுவதும் அதற்குள் இருந்தது. கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மாமியிடம் கடற்காற்று என்று சொன்னேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் பாட்டை வாசிக்கவே இல்லை. என் முறைப்பாடும் பொருளில்லாமல் போய்விட்டது.

பிறகு கிண்ணியாவில் ஒரு விழா. ஜவாஹிர் மைக்கைத் தட்டி, “ஹலோ, கேக்குதா?” என்றார். சனம் ஒரே குரலில், “கேக்குது” என்றது. அவர் பின்னால் இருந்தவர்களுக்காக மறுபடி கேட்டார், சனம் மறுபடி சொன்னது, ட்ரம்ஸ்காரர் சும்மா இருக்கமாட்டாமல் தாளம் போட்டார், கால் மணித்தியாலம் இதே கதை. உண்மையான பாட்டுத் தொடங்கியதும் சனம் கூவி நிறுத்திவிட்டு மறுபடியும் ‘கேக்குதா’ கேட்டது. இப்போது அது வானொலியில் நாளுக்கு நாலு தரம் போகிறது, புல்மோட்டை மணல் லொறிகளில் போகிறது, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலும் போகிறது. சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் மணி அடிப்பதை விட்டுவிட்டு, “கேக்குதா?” என்கிறார், பெண்கள் உள்ளேயிருந்து, “கேக்குது” என்று சட்டியோடு வருகிறார்கள். ஊர் சந்தோஷமாக இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது மைக் சரிபார்த்தது. அது பாட்டல்ல.

போன கிழமை அஸீமை மதிலடியில் கண்டு, “தம்பி, அந்த லோஞ்ச் பாட்டை மற்றப் பக்கத்திலை போடலாமே?” என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிப்போய்ச் சொன்னார், “அது கைவிட்டுப் போச்சு ஐயா. ஒண்டும் எழுதி வைக்கல்ல. நாலு பேரும் ரெண்டு நாளா இருந்து தேடிப் பாத்தம், நடுவில வாற துண்டு வருகுதில்ல. இப்ப மைக்கைத் தொட்டாலே சனம் கைதட்டுது. இனி எங்களால அப்பிடி ஒண்டு ஏலாது.”

இவ்வளவு பேர் எடுத்த பிள்ளையின் முகம் இப்படி இருக்கக்கூடாது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆகவே அந்தக் கசெற்றை இத்துடன் அனுப்புகிறேன். உலகத்தில் அந்தப் பாட்டு இருப்பதற்கு வேறு சாட்சி கிடையாது. முடிந்தால் என் குரலை வெட்டிவிட்டு, மற்றப் பக்கத்தில் இதையே போடும். இந்தப் பிள்ளைகளின் நல்ல காலம் 1973உடன் முடிந்துவிட்டது, இனி அவர்களிடமிருந்து அப்படி ஒன்று வரப்போவதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். வந்ததையாவது காப்பாற்றுவோம்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. உமக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவரவும், அந்த வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டில் எதுவும் இல்லாதிருக்கவும் ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
உமது மாமா,
க. மூத்ததம்பி
(ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர்)

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கசெற் இதற்குள் இல்லை, தேடவேண்டாம். தபாற்கந்தோருக்குப் போகும் வழியில், பிள்ளைகளுக்கு ஒரு தரம் போட்டுக் காட்டுவோம் என்று கொட்டிலுக்குள் நுழைந்தேன். நாலு பேரும் கயிற்றுக் கட்டுகளில் இருந்து கேட்டார்கள். என் குரல் வந்த இடத்தில் ஜவாஹிர் விழுந்து விழுந்து சிரித்தார். அஸீம் சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார், பிறகு இன்னொரு தரம். “ஐயா, இத அனுப்பாதீங்க. இதில ஒரு இடம் பிழை. அப்ப எங்களுக்குத் தெரியல்ல” என்று சொல்லிக் கிற்றாரை எடுத்தார். காலையிலிருந்து வாசிக்கிறார்கள். பழையது மாதிரி இல்லை. எஞ்சின் நின்ற பிறகு இப்போது அது ஒரேயடியாகத் தொடங்குவதில்லை, ஒவ்வொரு கிற்றாராகப் பயந்து பயந்து வருகிறது. மருமகன், 1973இல் அதை முழுதாகக் கேட்டவன் நான் ஒருவன்தான், ஆகவே நான் சொன்னால் நீர் நம்பவேண்டும், இது அதைவிட நல்லது. மேலே நான் எழுதிய அபிப்பிராயத்தை வெட்டிவிடும். வியாழக்கிழமை ரயிலில் நாலு பேரும் புறப்பட்டு வருகிறார்கள். மற்றப் பக்கத்தை வெறுமையாக வைத்திரும், வந்த கையோடு பதிந்துவிடும். சனத்துக்குப் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னம் பதிந்துவிடும்.