தலை மாற்றியது ஜோயாவுக்கு அல்ல

ஆம்பூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய வக்கார் மாமு அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் நயீம் அகமது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், ஹீனா, மகள் ஜோயா மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் முழு சுகம். 'முழு' என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். ராணிப்பேட்டையில் தாங்களும் மாமியும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எங்களை நினைத்த கவலையில் அங்கே வீட்டில் சரியாக அடுப்புகூட எரிவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் "மாமு" என்றதுமே நீங்கள் அழ ஆரம்பிக்கிறீர்கள், நானும் சேர்ந்து அழுதுவிட்டு வைத்துவிடுகிறேன். உர்தூவில் எழுதினால் என் கையெழுத்தைப் படிக்க ஆள் தேட வேண்டும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். ஜோயாவுக்குத் தலையில் ஆபரேஷன் நடக்கவில்லை. யாருடைய தலையும் அவளுக்கு வைக்கப்படவில்லை. நடந்ததெல்லாம் அவளுடைய ஹார்ட் டிஸ்க்குக்கு.

அவள் காலணி வடிவமைப்புப் படிப்பின் கடைசி வருடத்தில் இருப்பது தங்களுக்குத் தெரியும். சர்க்கரை நோயாலும் தொழுநோயாலும் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு, அவரவர் காலுக்கென்றே செருப்பு செய்வதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. அவர்களுக்கு ஆணி ஏறினாலும் தெரியாது, புண் பெரிதாகி நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டு என்று ஊர் ஊராகப் போய் அவர்களுடைய பாதங்களை ஸ்கேன் எடுத்து அந்த டிஸ்க்கில் வைத்திருந்தாள். நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமிலேயே தோல் வெட்டித் தைத்துக் கொடுக்க எங்கள் முதலாளியும் சம்மதித்துவிட்டார். வெட்டு ஆரம்பிக்க வேண்டிய நாள் நெருங்கும்போதுதான், போன வாரம் ஒரு காலை, நாஷ்டா நேரத்தில், டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினாள். உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. ஜோயாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"காப்பி எடுத்து வெக்கலயாடி?" என்றாள் ஹீனா.

"இதான் காப்பி, அம்மி" என்றாள்.

லேப்டாப்பில் இடமில்லை என்று எல்லாவற்றையும் இதற்கு மாற்றி, அங்கே இருந்ததை அழித்திருக்கிறாள். என் தம்பி தௌசீப்பைக் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவன் சொல்வதுதான் சட்டம் என்பது நீங்கள் அறிந்ததே. "சூடாய்ட்ச்சு, அவ்ளோதான். ஃப்ரீஸர்ல வெச்சா சரியாய்டும், வீடியோ பாத்துக்கிறேன்" என்று சொல்லி, அதைப் பாலிதீன் கவரில் சுற்றி, ஹீனா மசாலா தடவி வைத்திருந்த கறிக்குப் பக்கத்தில் வைத்தே விட்டான். ஜோயா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துக் கட்டையோடு வந்துவிட்டார்.

அன்றைக்கே நானும் ஜோயாவும் வேலூருக்கு பஸ் ஏறினோம். டிஸ்க்கை அதே கவரோடு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஸ்பீட் பிரேக்கர் வந்தபோதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், வெளியூர் நோயாளிகள் தங்குகிற லாட்ஜின் மாடியில், எப்சி என்ற பெண் இப்படிப்பட்ட டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிறார். சிரிக்காத முகம். கவரைப் பிரித்து முகர்ந்தார்.

"இன்னா சார், கரம் மசாலா வாசன வருது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தார், மூடினார். பிறகு எனக்கு விளக்கினார். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு சுற்றுமாம். அதைத் தொடாமலே படிக்கிற மெல்லிய உறுப்புக்குப் பெயர் ஹெட், அதாவது தலை. அந்தத் தலை தட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"தலைய மாத்தணும். அதுக்கு டோனர் வேணும், தலைய தானமா குடுக்க. இதே மாடல், இதே வருஷம், நல்லா ஓடிக்கினு இருக்கற டிஸ்க்கு. ஒருவாட்டிதான் டிரை பண்ண முடியும். தட்டுல கீறல் வுழுந்துட்ச்சின்னா அப்புறம் யாராலயும் முடியாது."

"பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது, மாமு.

"இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

கீழே டீக்கடையில் நின்று தௌசீப்புக்குப் போன் போட்டேன். லாரிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஜோயாவோடது தலை ஒட்டிக்கிச்சாம்! திறந்து பாத்துட்டாங்க! டோனர் கிடைச்சாதான் மாத்துவாங்களாம்!" என்றேன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த நம் நசீமுன்னிசா அக்கா எனக்குப் பின்னால் சொட்டு மருந்தோடு நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் மாமிக்குப் போன் செய்தது அப்போதுதான். அதற்குள் தௌசீப் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டான்: 'ஜோயாவுக்கு அவசரமாக டோனர் தேவை.' கீழே மாடல், வருடம், தாய்லாந்தில் செய்தது என்று எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். யாரும் அந்த வரிவரை போகவில்லை. எனக்கு வந்த போன்களில் பாதிப் பேர் ரத்த குரூப் என்ன என்று கேட்டார்கள். ஒருவர் தன் மருமகன் தயாராக இருப்பதாகச் சொன்னார், மருமகனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

கடைசி வரிவரை படித்தவர் ஒரே ஆள், அரக்கோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெயகரன். முன்பின் அறியாதவர். தன் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, ரயில் ஏறி நேரே கொண்டுவந்து எப்சியிடம் நீட்டினார். "இத திறந்துட்டா உங்களுக்குத் திரும்ப ஒதவாது" என்றார் எப்சி. "பரவால்லம்மா. எனக்கும் ஒருவாட்டி ஒரு கல்யாணமே காணாமப் போச்சு. அந்தப் பேஜார் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

எப்சி கையுறை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் வங்காளத்திலிருந்து கணவரின் வைத்தியத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாள், யாருக்கு என்று இந்தியில் கேட்டார். மகளுடையது, தலையில், என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் எழுந்து வந்து ஜோயாவின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை அழாத ஜோயா அப்போது அழுதாள். தப்பாகப் புரிந்துகொண்டார் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்தது. "சுத்துது. ஆனா எவ்ளோ நேரம் சுத்தும்னு தெரியாது. சீக்கிரம் சொல்லு, எந்த ஃபோல்டர் மொதல்ல?" ஜோயா சொன்னாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் நின்றது. ஜெயகரன் சிலுவை போட்டுக்கொண்டார், நான் எனக்குத் தெரிந்த ஸூரா எல்லாம் ஓதினேன், எப்சி மட்டும் "யாரும் டேபிள்ல கை வெக்காதீங்க" என்றார். என் கைதான் இருந்தது. எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோடு மறுபடி நகர்ந்தது. பிறகு ஜோயா ஒன்றைத் திறந்தாள். திரையில் பெருவிரல் இல்லாத ஒரு பாதம் சுழன்று வந்தது. மாமு, ஒரு பாதத்தைப் பார்த்து நான் அப்படி சந்தோஷப்பட்டதே இல்லை.

எல்லாம் வரவில்லை. கடைசியில் தலை மறுபடி நின்றுவிட்டது, சிலருடைய பாதங்கள் போயேவிட்டன. அதில் ஒருவர் வேதாசலம், தோல் பதனிடும் ஷாப்பில் முன்பு வேலை செய்தவர். தன்னை முதன்முதலில் நம்பிக் காலை நீட்டியவர் அவர்தான் என்று ஜோயா சொல்வாள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே போன் போட்டாள். அவர் சிரித்தாராம். "அதுக்கா அழுவுற? கால் இங்கதானம்மா இருக்குது, எங்க போய்டும்? வந்து மறுபடியும் எடுத்துக்கோ."

நேற்று போய் எடுத்துவிட்டாள். வெட்டும் ஆரம்பித்துவிட்டோம்.

ஆகையால் மாமு, தயவுசெய்து ஜோயாவுக்காக மஸ்ஜிதில் நடக்கும் துஆவை நன்றி சொல்லி நிறுத்துங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். எங்களுக்காகத் தங்கள் மகன் ஃபைஸானின் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப் போடப் போவதாகக் கேள்விப்பட்டோம். வேண்டாம், குறித்த நாளிலேயே நடக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டியவர் ஒருவருமில்லை. பெண் வீட்டாரிடம் பேசி முடிக்க நானே முன்னால் நிற்பேன். மாமிக்கு என் ஸலாம், சின்னவர்களுக்கு என் துஆ. தங்கள் நிழல் எங்கள்மேல் என்றும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
நயீம் அகமது

பி.கு.: மாமு, எழுதுவது ஹீனா. இவர் இதைக் கூரியர் ஆபீசுக்கு எடுத்துப் போகும்போது, உறைமேல் பின்கோடு சரியா என்று பார்த்துக்கொண்டே படியிறங்கி விழுந்துவிட்டார். கணுக்கால் எலும்பில் விரிசல். வேலூரில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எழுந்து நிற்கக் கூடாதாம். அதனால் நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வையுங்கள், துஆவையும் நிறுத்த வேண்டாம். இந்த முறை உண்மைதான். நம்புவதற்காக எக்ஸ்ரேயின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மாமியிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.