லைல் கேரிங்டனின் வீரக்கால்

அமெரிக்காவில் வீரம் என்ற ஒன்று எப்போதாவது இருந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் லைல் கேரிங்டனின் தாடையைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும். அந்தத் தாடைக்கென்றே ஹாலிவுட்டில் எங்கள் ஸ்டூடியோ தனி விளக்கு வைத்திருந்தது. விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து அந்த மகானின் வாழ்க்கையை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நடந்ததை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஒமாஹாவில் குளிர்பெட்டி விற்றவரை டெக்சாஸ் பண்ணையொன்றில் பிறக்கவைத்தேன். படம் வெளியாகும் வாரமாகப் பார்த்து இரண்டு முறை கல்யாணமும் செய்துவைத்தேன்.

கேரிங்டனுக்கும் குதிரைக்கும் ஒத்துப்போகவில்லை. குதிரை மேல் தவறில்லை. ஆகவே மரப்பீப்பாய்க்குச் சேணம் கட்டி, அதில் அவரை ஏற்றி, இரண்டு பேர் ஆட்டுவார்கள். தாடை படமாகும். பாய்வது, விழுவது, கூரையிலிருந்து குதிப்பது போன்ற ‘சில்லறை’ வேலைகளை எம்மெட் க்ரௌடர் என்ற டூப் பார்த்துக்கொண்டார். “கேரிங்டன் டூப் போடுவதே இல்லை” என்று நான் பத்திரிகைகளுக்கு எழுதும்போதெல்லாம் எம்மெட் படித்துவிட்டு, “அவரு கொஞ்சம் ஒடம்ப பாத்துக்கணும் சார்” என்பார்.

ஒருநாள் ஓடையைத் தாண்டும்போது குதிரை இடறி எம்மெட்டின் இடது கால் முறிந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தூரத்தில் நின்ற நிருபர்கள், “கேரிங்டன் விழுந்துட்டார்!” என்று அலறிக்கொண்டு தொலைபேசியைத் தேடி ஓடினார்கள்.

ஸ்டூடியோ முதலாளி ஹோல்கோம்ப் அவசரக் கூட்டம் போட்டார். “கால் ஒடஞ்சது கேரிங்டனுக்குத்தான். டாக்டர், மாவுக்கட்டு போடுங்க!”

கேரிங்டன் வெலவெலத்துப் போனார். “வலிக்குமா?”

“வலிக்காது சார், ஒங்க கால் நல்லாத்தான இருக்கு” என்று தேற்றினார், தரையில் படுத்திருந்த எம்மெட். பிறகு, “அப்ப எனக்கு?” என்றார்.

“ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு அதே இடது கால்ல கட்டா? ஊரு சிரிக்காது?” என்றார் ஹோல்கோம்ப். “ரெண்டு பலகைய வச்சுக் கட்டிக்கிட்டு சாமான் கொட்டகையில படு. ஆறுனதும் ஒன் வேலை ஒனக்குத்தான்.”

“போயிராதுல்ல மொதலாளி? எனக்கு வேற தொழில் தெரியாது. வீட்ல புள்ளைங்க இருக்கு.”

“நான் சொன்னா சொன்னதுதான்யா!”

கேரிங்டனின் மாவுக்கட்டின் மேல் நடிகைகள் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுநர் பூங்கொத்து அனுப்பினார். கொட்டகையில் எம்மெட்டின் கால் கோணலாகக் கூடிக்கொண்டது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் புதுச் சிக்கல். வீரருக்கு நொண்டத் தெரியவில்லை. காலையில் இடது காலிலும் மாலையில் வலது காலிலும் நொண்டினார். வேறு வழியின்றிக் கொட்டகைக்கு வந்தார்.

“எம்மெட்டு, கொஞ்சம் நடந்து காட்டேன்.”

எம்மெட் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

“அய்யே, பாக்கச் சகிக்கலப்பா. நான் வேற மாதிரி பண்ணிக்கிறேன்.”

பண்ணினார். தோளை லேசாகச் சாய்த்து, ஒரு பெருமூச்சோடு அவர் எடுத்துவைத்த அடியில் நாடே சொக்கிப்போனது. வாலிபர்கள் நடன அரங்குகளுக்கு நொண்டிக்கொண்டே போனார்கள். கால் ஊனமான படைத்தலைவனாக அவரை வைத்து உடனே ஒரு படம் ஆரம்பித்தோம். வெயிலில் மலைச்சரிவில் தனியாக நடந்து வரும் காட்சிக்கு மட்டும் ஒரு டூப் தேவைப்பட்டது.

எம்மெட் முகம் மழித்து, நல்ல கோட்டுப் போட்டு வந்து நின்றார். இனிக் குதிரை ஏற முடியாத அவருக்கு ஸ்டூடியோவில் மிஞ்சியிருந்த ஒரே வேலை இதுதான். “நடக்கத்தான வேணும் மொதலாளி? நல்லாவே நடப்பேன்” என்றார்.

நடந்தார். ஹோல்கோம்ப் முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா இது? இப்பிடியா நொண்டுவாங்க?”

“மொதலாளி, எனக்கு நெசமாவே...”

“நெசமோ பொய்யோ, கேரிங்டன் மாதிரி இல்லையே! நீ ரொம்ப நடிக்கிற எம்மெட். போய்ட்டு வா.”

எம்மெட் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். அன்றைய செய்தியை எழுதவேண்டியிருந்தது.

இரண்டு காலும் நேரான ஓர் இளைஞனை எடுத்தார்கள். கேரிங்டனே அவனுக்குக் கூடவே நின்று நொண்டக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துப் பலர் கண்ணீர் விட்டதாகக் கடிதம் போட்டார்கள். ஸ்டூடியோ எடுத்த முடிவில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் மதில் சுவருக்குள் நடிக்கத் தெரியாத ஒரே ஒரு மனிதர் இருந்தார். நடிக்கிறார் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினோம்.