தாலி கட்டும் படம் காணாமல் போன விவரம்

அன்பு மகன் லிங்கேஷுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து உன் பெரியப்பா தங்கப்பழம் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கோமதியம்மன் அருளால் பெங்களூரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தானே நான் திட்ட முடியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குரூப்பில் விழுந்துவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

என் மகள் ஷீலா கல்யாணத்துக்கு ஆல்பம் போடக் கிளம்பிய என்னைத் தடுத்தவன் நீ. "இந்தக் காலத்துல யாரு பெரியப்பா ஆல்பம் போடுதா? கரையான் அரிக்கும், கலர் மங்கும். ஆன்லைன்ல போட்டா லண்டன்ல இருக்கவனும் பார்ப்பான்" என்றாய். லண்டனில் நமக்கு யாருடா இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆயிரத்து இருநூறு படத்தையும் ஏற்றிச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பினாய். பார்ப்பதற்கு மட்டுமல்ல, அழிப்பதற்கும் உரிமை கொடுத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ, உன் அத்தை பேச்சித்தாய்க்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தாடை ரெண்டாகத் தெரிகிறதாம், தான் இருந்த படத்தையெல்லாம் அழித்தாள். அவள்தான் மணமேடையை விட்டு இறங்கவே இல்லையே, பாதிக் கல்யாணம் அவளோடு போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கோமதிநாயகம் சர்க்கரை வியாதிக்காரர். மூணாம் தடவை பாயசம் வாங்கினதை மறைக்கப் பந்தியையே அழிச்சிட்டார். பிச்சையா மாமா, பன்னிரண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாத துரைப்பாண்டி தலை தெரிஞ்ச படத்தையெல்லாம் அழிச்சார். துரைப்பாண்டி என்ன இளைச்சவரா, மிச்சத்தை அவர் பார்த்துக்கிட்டார். இப்போ இருக்கது மூணு படம்: வாசல் வாழைமரம், ரசம் அண்டா, மண்டப வாசல்ல கிடந்த செருப்பு.

மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவுல காத்துக்கிட்டு இருக்காரு. ஷீலாவுக்கு விசா கொடுக்க, கல்யாணம் நடந்த படம் கேக்காவ. செருப்பைக் காட்டியா புள்ளைய அனுப்ப? நாலு நாளா அவ சரியாச் சாப்பிடல. படம் எடுத்த மூக்காண்டிகிட்ட ஓடினேன். "லிங்க் அனுப்பியாச்சுல்லா அண்ணாச்சி, கேமரா கார்டை அழிச்சு அடுத்த வளைகாப்புக்குப் போட்டுட்டேன்" என்கிறான். ஆல்பம்னா நாலு வீடு சுத்தும், காபிக் கறையோட வரும், ஆனா வந்துரும்லா!

ஆகவே கம்ப்யூட்டருக்குள்ள எங்கன கிடந்தாலும் அந்தத் தாலி கட்டுற படத்தைத் தோண்டியெடுத்து, பெரிசா அச்சடிச்சு அனுப்பு.

உனக்குச் சம்பள உயர்வும், அதற்கு முன்னால் கொஞ்சம் புத்தியும் வாய்க்க ஆசீர்வதிக்கும்,
பெரியப்பா தங்கப்பழம்.

பி.கு.: கவரை ஒட்டும்போது மூக்காண்டி வந்தான். எந்தப் படத்தை யாரு அழிச்சான்னு கம்ப்யூட்டர் பேரோட காட்டிக்கொடுத்துருமாம். அதனால நானே சொல்லுதேன்: தாலி கட்டுற படத்தை அழிச்சது நான்தான். மொபைலைத் தூக்கிக்கிட்டு நான் குறுக்க நின்னதுல மாப்பிள்ளையும் தெரியல, தாலியும் தெரியல, என் முதுகுதான் தெரியுது. ஆல்பமா இருந்தா காலத்துக்கும் ஊர் சிரிச்சிருக்கும். நீ சொன்னதே சரி, ஆன்லைன்தான் நல்லது. படத்தைத் தேடாத. அன்னைக்கு நான் எடுத்த வீடியோ பத்திரமா இருக்கு. கேமரா என் பக்கம் திரும்பிட்டு, ரெண்டு நிமிஷமும் நான் தேம்பித் தேம்பி அழுறது மட்டும்தான் இருக்கு. பொண்ணைக் கட்டிக்கொடுக்காதவன் இப்படி அழுவானா? விசாவுக்கு அது போதுமான்னு கேட்டுச் சொல்லு.