நாலு இஞ்ச் சைலன்சர்

மூன்றரை இஞ்ச் சைலன்சர் மாட்டிய பிக்கப்பை டெஸ் மேய்ச்சல் நிலத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனதுதான் தாமதம், நூற்றுப்பத்து பசுக்களும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தன. எலும்பும் தோலுமாக நின்ற மாடுகளுக்கு அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ!

டெஸ்ஸுக்கு அதிலும் ஒரு பெருமை. டீசல் இன்ஜினின் உறுமல் இருக்கைக்கு அடியில் கிளம்பி, முதுகுத்தண்டு வழியாக ஏறி, தொப்பிக்குள் போய் நின்றது. தேவாலயத்தில்கூட அவருக்கு இப்படிப் புல்லரித்ததில்லை.

"சத்தம்னா இதுல்ல சத்தம்!" என்றார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. மாடு எங்கே?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி நோலீன்.

அதுதான் சிக்கல். மேற்குக் குவீன்ஸ்லாந்தில் அந்தப் பக்கம் மழை பெய்து மூன்று வருடமாகிவிட்டது. மந்தையில் பெரும்பகுதி ஏற்கெனவே விலை போயாயிற்று. முப்பது வருடம் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய இந்தக் கடைசி நூற்றுப்பத்தையும் வியாழக்கிழமை சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். லாரி சொல்லியாகிவிட்டது. அந்த நாளை நினைக்கவே டெஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தீவனம் இல்லாமல் கண்ணெதிரே சாகவிடுவதைவிட அது மேல்.

மோட்டார் சைக்கிளில் விரட்டிப் பட்டியில் அடைக்கவும் வழியில்லை. இருக்கிற நிலைமையில் ஒரு மாடு விழுந்தால் எழுந்திருக்காது. பிக்கப்பில் வைக்கோல் போட்டுக்கொண்டு போனால் அதன் சத்தத்தைக் கேட்டுத் தானாகப் பின்னால் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் இப்போது ஆபத்து. துருப்பிடித்த பழைய சைலன்சர் போன வாரம் ஒரு மரக்கட்டையில் இடித்து, துண்டு துண்டாகப் பிய்ந்து போய்விட்டது.

டவுனில் சைலன்சர் கடை வைத்திருக்கும் ஸ்டாவ்ரோஸ், "குழாய் என்ன சைஸ் வேணும், மாப்ள?" என்று கேட்டபோது டெஸ் நல்ல பிள்ளையாகப் பழைய அளவான ரெண்டரை இஞ்சைச் சொல்லியிருக்கலாம்.

"பக்கத்துப் பண்ணை ராஸ் என்ன போட்டிருக்கான்?" என்றார்.

"மூணு."

"அப்ப எனக்கு மூணரை."

அதன் பலன்தான் இந்த ஓட்டம். மறுநாளே மறுபடி ஸ்டாவ்ரோஸிடம் போய் நின்றார்.

"ரெண்டரை வர்றதுக்குப் பத்து நாளாகும். மூணு இருக்கு, மாட்டவா?"

"மாட்டு. நாளன்னைக்கு லாரி வருது."

மூன்று இஞ்ச் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அச்சு அசலாக ராஸின் பிக்கப் சத்தம். போன கோடையில் ராஸின் வயலுக்குள் புகுந்த இதே மாடுகளை அவன் நாய்களை ஏவி அல்லவா துரத்தினான்! சத்தத்தைக் கேட்டதும் அவை கிழக்கு மூலைக்குப் போய் வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு ராஸின் ஆறு நாய்களும் எஜமான் வந்துவிட்டான் என்று நினைத்து, எல்லை தாண்டி ஓடிவந்து பிக்கப்பின் பின்பக்கம் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

ராஸ் போனில் கூப்பிட்டான். "யோவ் டெஸ், என் சைலன்சரத் திருடினே, சரி. நாயையுமா?"

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது நோலீன் யோசனை சொன்னாள். "போன வருஷம் தெக்கேருந்து தர்மத்துக்கு வைக்கோல் கொண்டாந்தாங்களே, அந்த ஓட்ட லாரிங்க... சத்தத்தக் கேட்டதுமே மாடெல்லாம் எப்படி ஓடி வந்துச்சு!"

டெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். கண்கள் விரிந்தன.

"நாலு இஞ்ச்!" என்றார்.

விடிந்ததும் கடைக்குப் போனார். ஸ்டாவ்ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "இந்த இன்ஜினுக்கு நாலு ரொம்ப அதிகம், மாப்ள. இழுவை போயிடும்."

"எனக்கு இழுவை வேணாம். லாரி வேணும். நடுவுல சத்தத்தக் குறைக்கிற பெட்டியும் வேணாம்."

மாட்டி முடித்து முடுக்கியபோது சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இருவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்..." என்றபடி ஸ்டாவ்ரோஸ் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கினான்.

வியாழக்கிழமை மதியம் டிரைவர் ட்ரிஷ் லாரியோடு வந்தாள். புத்தம் புது லாரி, பூனை மாதிரி வந்து நின்றது. மூலையில் நின்ற ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

டெஸ் பிக்கப்பைப் பட்டிக்குப் பின்னால், மேற்கே நிறுத்தினார். "ட்ரிஷ், நீ உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதி. கடைசி மாடு பட்டிக்குள்ள வர்ற வரைக்கும் காலை எடுக்காதே" என்று கத்திவிட்டு, மரம் அறுக்கும்போது போடும் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்தபடி பட்டியின் மேற்குக் கம்பி மேல் ஏறி நின்றார்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் ஒரு தடவை காலடியில் அதிர்வு நின்றே போனது. திரும்பி ட்ரிஷ்ஷைத் திட்ட வாயெடுப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட ஆழமாக. கம்பி நடுங்கியது, நெஞ்செலும்பு நடுங்கியது. இந்தப் பெண்ணுக்கு மிதிக்கிற பக்குவம் இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது முதல் பசு தலையை உயர்த்தியது.

ஓடவில்லை, நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எல்லாமே, நீண்ட ஒற்றை வரிசையில், செம்மண் புழுதி முழங்கால் உயரத்துக்கு எழும்ப, பட்டியை நோக்கி வந்தன. வைக்கோல் இல்லை, நாய் இல்லை, விரட்ட ஆளில்லை. முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கதவுக்குள் நுழைந்த மாடுகள் மேற்குப் பக்கத்துக் கம்பியில் போய் வரிசையாக நின்று, மூக்கைத் தூக்கி, அவருக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

சைலன்சரைத்தான் பார்க்கின்றன என்று டெஸ்ஸுக்குத் தெரியும். வாயில்லாத ஜீவன்களுக்கே அதன் அருமை புரிந்திருக்கிறது! கண்ணீர் கன்னத்தில் வழிய, 'ஒரு குழாயால் இவ்வளவு செய்ய முடியுமா' என்று மலைத்து நின்றார். அதே குழாய்தான் இவற்றை வண்டியேற்றி அனுப்பப்போகிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

நூற்றுப்பத்தாவது பசுவும் உள்ளே வந்தது. டெஸ் காதுக்கவசத்தைக் கழற்றினார். உறுமல் இன்னும் ஓயவில்லை.

"போதும் ட்ரிஷ்! அணைச்சிடு!" என்று கத்தினார்.

ட்ரிஷ் வண்டியில் இல்லை. அவருக்குக் கீழே, பட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேற்கே கருத்துக் கிடந்த வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"பெருசு, வண்டிய நான் அணைச்சு அரை மணி நேரமாச்சு. இப்ப மாட்டை ஏத்தவா, வேணாமா?"